லோரோங் கூலிட் சந்தையும் எங்கள் கோயில் ஒலிபெருக்கியும்



பினாங்குக்குப் போகிற நம்மவர்கள் எங்கெங்கே போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் தண்ணீர்மலையான் தரிசனம். பிறகு கொடிமலை, பாம்புக் கோயில். பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் கடற்கரை. கடைசியில் கடைத்தெருவில் சேலையும் வளையலும் வாங்கிக்கொண்டு ஜெட்டிக்குத் திரும்பிவிடுவோம். நானும் முப்பது வருடமாக அப்படித்தான் போய்வந்தேன். ஆனால் இந்த முறை நான் போனது சாமி கும்பிடவும் அல்ல, சேலை வாங்கவும் அல்ல. செய்த பிழைக்குப் பரிகாரம் தேடிப் போனேன். போன இடம் லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தை.

என்ன பிழை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போல நீங்களும் செய்துவிடக் கூடாதே!

சோடாத் தண்ணீர் செய்த வேலை

நான் பிறந்தது சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இன்று அங்கே ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் நாலா திசைக்கும் பிரிந்து போனார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கிறது. வருடம் ஒரு முறை, ஆடித் திருவிழாவுக்கு, பிரிந்து போனவர்களெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்து கூடுகிறோம்.

அந்தக் கோயில் சாமான் அறையில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள் கிடந்தன. ஹார்ன் என்று நாம் சொல்வோமே, அதுதான். 1967-இல் தோட்டத்து ஆட்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி வீதம் மூன்று மாதம் போட்டு வாங்கியவை. அப்போது லயத்தில் மின்சாரம் கிடையாது. கார் பேட்டரியில் ஓடுகிற பெட்டியை வைத்து, தென்னை மர உச்சியில் ஹார்னைக் கட்டிவிட்டால், மூன்று மைல் தள்ளி இருக்கிற டிவிஷன் வரைக்கும் பாட்டுக் கேட்கும். திருவிழாவில் காணாமல் போன பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அதுதான். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் பெரட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் சொன்னதும் அதுதான். இரண்டு ஹார்னின் விளிம்பிலும் சிவப்புச் சாயத்தில் தோட்டத்துப் பெயரும், 'தொழிலாளர் உபயம், 1967' என்ற எழுத்தும் கையால் எழுதப்பட்டிருந்தன.

இந்த வருடத் திருவிழாவுக்கு அவற்றைத் துலக்கி முன் மண்டபத்தில் வைக்க வேண்டும் என்று நிர்வாகத்தில் முடிவானது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் பெருமைதான். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றை மட்டும் முதலில் எடுத்தேன். அழுக்கு அவ்வளவு ஏறியிருந்தது. பெரிய வாளியில் சுடுதண்ணீர் ஊற்றி, கை நிறையச் சலவைச் சோடாவை அள்ளிப் போட்டு, இரவு முழுவதும் ஊற வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் நெஞ்சு திக்கென்றது. வெள்ளி போல மின்ன வேண்டிய அலுமினியம் அடிபிடித்த சட்டி மாதிரி திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சிவப்பு எழுத்து எல்லாம் தோல் உரிந்து வாளியின் அடியில் செதிள் செதிளாகக் கிடந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் மழையும் வெயிலும் அழிக்காத எழுத்தை ஒரே இரவில் நான் அழித்துவிட்டேன்.

என் மனைவி வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மூடா ஆற்றைத் தாண்டி

எழுத்து போனது போனதுதான். ஆனால் அதே மாதிரி இன்னொரு பழைய ஹார்ன் கிடைத்தால் மாற்றி வைத்துவிடலாமே என்று ஒரு குறுக்குப் புத்தி. அந்தப் புத்தியோடுதான் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சுங்கைப்பட்டாணியில் ரயில் ஏறினேன்.

இந்தப் பயணத்தை ரயிலில் போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கும். வடக்கே திரும்பிப் பார்த்தால் 1,217 மீட்டர் உயரத்து ஜெராய் மலை மேகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் மூடா ஆறு. அதைத் தாண்டினால் கெடா முடிந்து பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை. பட்டர்வொர்த்தில் இறங்கினால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பெர்ரித் துறை. நம் காலத்தில் கார், லோரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போகுமே, அந்தப் பெரிய பெர்ரிகள் 2020-ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த புதிய பெர்ரிகள் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றுகின்றன. கடல் காற்று மட்டும் அதே காற்று.

ஜெட்டியிலிருந்து டத்தோ கெராமாட் சாலை வழியாகப் போகிற பேருந்தில் ஏறி, நகர விளையாட்டரங்கம் என்று சொல்லி இறங்கிக்கொள்ளுங்கள். அரங்கத்தை ஒட்டிய சந்துதான் லோரோங் கூலிட். கூலிட் என்றால் தோல் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த மலாய்ச் சொல்தானே. காலையில் கூடி நண்பகலில் கலைந்துவிடும் சந்தை இது. ஆகவே தாமதமாகப் போகாதீர்கள். முன்பு இந்த மாதிரிப் பழஞ்சாமான் வியாபாரம் பினாங்கில் கயிற்றுத் தெருவில், அதாவது ஜாலான் பிந்தால் தாலியில் நடந்துகொண்டிருந்தது. பிறகு இங்கே வந்தது.

உள்ளே நுழைந்தால் நேரம் போவதே தெரியாது. தரையில் தார்ப்பாயை விரித்து, உலகத்தில் உள்ள பழையதையெல்லாம் கொட்டி வைத்திருக்கிறார்கள். பழைய நாணயம், மண்ணெண்ணெய் விளக்கு, அடுக்குத் தூக்குச்சட்டி, அலாரக் கடிகாரம், சைக்கிள் மணி, இசைத்தட்டு. சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று மூன்று பாஷையிலும் பேரம் நடக்கிறது. ஒரு கடையில் நம் வீட்டில் இருந்த அதே பூப்போட்ட எனாமல் தட்டைக் கண்டேன். அம்மா ஞாபகம் வந்து ஐந்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பாய் சொன்ன பாடம்

ஒலிபெருக்கிகள் கிடைத்தது ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி. முன்னால் பழைய வானொலிகள், வெள்ளி நிற வளையம் வைத்த ஸ்பீக்கர் பெட்டிகள், பித்தளைப் புனல் வைத்த ஒரு கிராமபோன், ஓரத்தில் மூன்று அலுமினிய ஹார்ன்கள்.

"பாய், இந்த ஹார்ன் என்ன விலை?" என்று கேட்டேன்.

"எதுக்கு தம்பி? சத்தம் போடவா, அழகுக்கு வைக்கவா?"

நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு ஹார்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இதை நான் உங்களுக்கு வித்துடலாம். எனக்குக் காசு வரும். ஆனா இதைக் கொண்டுபோய் அங்கே வச்சா அது உங்க கோயில் ஹார்ன் ஆகிடுமா? அலுமினியத்தைக் கிலோ கணக்கிலே யார் வேணும்னாலும் வாங்கலாம். அந்த எழுத்துக்குத்தான் விலை. ஒண்ணைக் கெடுத்தீங்க. இன்னொண்ணு இருக்குல்ல? அதை ஒழுங்காக் காப்பாத்துங்க."

அதன் பிறகு ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது. இடையிடையே வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதையும், வீட்டுக்கு வந்து நான் செய்து பார்த்ததையும் சேர்த்து உங்களுக்குத் தருகிறேன். உங்கள் கோயிலிலோ வீட்டிலோ பழைய ஒலிபெருக்கி இருந்தால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உலோகம் எது என்று பாருங்கள்

பார்வைக்கு எல்லாம் மின்னும். ஆனால் ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு விஷம். ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே குரோமியம் அல்லது நிக்கல் பூச்சு. ஒட்டாமல், எடையும் குறைவாக, வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அலுமினியம். ஒட்டாமல் கனமாக, மஞ்சளாக இருந்தால் பித்தளை.

அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. சலவைச் சோடா, காஸ்டிக் சோடா, அடுப்புச் சாம்பல், வெளுப்பு மருந்து எதுவும் கூடாது. காரம் அந்த உலோகத்தையே அரித்துக் கறுக்க வைத்துவிடும். பித்தளைக்குப் புளியும் உப்பும் நம் வீட்டு வைத்தியம், தாராளமாகப் போடலாம். ஆனால் உடனே நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். சில பித்தளையின் மேல் தெளிவான வார்னிஷ் பூசியிருப்பார்கள். அது நன்றாக இருந்தால் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குரோமியத்தில் சின்னத் துருப்புள்ளி இருந்தால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். அழுத்தித் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போய்விடும். தங்க நிறம் ஏற்றிய அலுமினிய வளையங்களைப் பாலிஷ் போடவே போடாதீர்கள். நிறம் போனால் திரும்ப வராது.

பித்தளைப் புனல் கிராமபோனைப் பார்த்து மயங்க வேண்டாம் என்றும் பாய் எச்சரித்தார். புதிதாகச் செய்து பழையது போல விற்பவை ஏராளமாம். "என் கடையில இருக்கிறதும் புதுசுதான். கேட்டா சொல்லிடுவேன். கேக்காதவங்களுக்கும் சொல்லிடுவேன்" என்றார்.

பிரித்து எடுங்கள், பிறகு கழுவுங்கள்

ஹார்னின் பின்னால் குண்டாக இருக்கிறதே, அதற்கு யூனிட் என்று பெயர். அதற்குள்தான் காந்தமும், மெல்லிய தகடும், கம்பிச் சுருளும் இருக்கின்றன. மின்சாரம் சுருளில் பாயும்போது தகடு அதிர்கிறது. அந்தச் சின்னச் சத்தத்தைக் கூம்பு பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது. இது ரொம்பப் பழைய வித்தை. அமெரிக்காவில் ஜென்சன், பிரிதம் என்ற இருவர் செய்த ஒலிபெருக்கி 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சான்பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்கு முன் பாடியது. இன்று வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கருக்கு வழி காட்டியவர்கள் ரைஸ், கெல்லாக் என்ற இருவர். அது 1925-இல்.

முதல் வேலையாக ஒயரைக் கழற்றிவிடுங்கள். பழைய வால்வு ஆம்பிளிபையர் இருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். சுவிட்சை அடைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், ஆளை அடித்துவிடும். யூனிட்டைத் திருகிக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே வையுங்கள். மரை இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள். சுத்தியலைத் தொடாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை யூனிட் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதன் பொடியைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அந்தப் பொடி சுருள் இருக்கும் இடுக்கில் புகுந்தால் சத்தம் கரகரத்துப் போகும். வீட்டுப் பெட்டியின் உலோக வளையத்தைத் துலக்கும்போதும் இதே எச்சரிக்கைதான். நடுவிலே இருக்கும் காகிதக் கூம்பை அட்டையால் மூடிக்கொள்ளுங்கள். பாலிஷைத் துணியில் தடவிப் பிறகு வளையத்தில் தேயுங்கள். நேரே ஊற்றாதீர்கள்.

கூம்புக்குள் குளவிக்கூடு இருக்கும். எங்களுடையதில் நாலு இருந்தது. மரக்குச்சியால் பொறுமையாக உதிர்த்து, தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் சில சொட்டு விட்டு, பழைய கைலித் துணியால் கழுவுங்கள். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும். கறுத்த இடத்துக்கு எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். புளிக்குழம்பு காய்ச்சிய அலுமினியச் சட்டி உள்ளே பளிச்சென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான்.

நன்றாகக் காய்ந்த பிறகு பாலிஷ். இரும்புச் சாமான் கடையில் ஆட்டோசோல் என்று குழலில் கிடைக்கும். பட்டாணியளவு போதும். ஹார்னைக் கடைசல் இயந்திரத்தில் சுழற்றிச் செய்தபோது விழுந்த வட்டக்கோடுகள் தெரியும். அந்தக் கோட்டின் வழியே வட்டமாகத் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும். துணி கறுப்பாகும், பயப்படாதீர்கள். துணியை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். முடிந்ததும் கார் மெழுகை மெல்லிசாகப் பூசிவிட்டால் ஈரக்காற்று சீக்கிரம் தாக்காது.

எழுத்தோ சாயமோ இருக்கிற இடத்தில் பாலிஷ் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், அவ்வளவுதான். முழுக்கச் சாயம் பூசிய ஹார்னாக இருந்தால் கழுவுவதோடு விட்டுவிடுங்கள். உப்புத்தாள் போட்டுப் பழைய சாயத்தைத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி பிள்ளைகளுக்கு ஆகாது. எதைச் செய்வதானாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் கொஞ்சம் செய்து பாருங்கள். இந்த ஒரு வார்த்தை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பாயிடம் ஹார்ன் வாங்கவில்லை. சும்மா வர மனமில்லாமல் ஒரு சைக்கிள் மணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

செம்பனைக்கு நடுவே

இரண்டாவது ஹார்னை மூன்று மாலை உட்கார்ந்து துலக்கினேன். என் மனைவியும் வந்து உட்கார்ந்தாள். எழுத்தைச் சுற்றி அவள்தான் துடைத்தாள். என் கையை நம்பவில்லை! தூசி போனதும் சிவப்பு மறுபடி தெரிந்தது. முதல் ஹார்னின் கறுப்பும் எலுமிச்சையிலும் பாலிஷிலும் போய்விட்டது. முகம் பார்க்கலாம் போல மின்னியது. ஆனால் விளிம்பு வெறுமையாக இருந்தது.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு கோயிலுக்குக் கொண்டு போனேன். செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் போகும்போது, இந்த இடத்தில் ஆயாக்கொட்டகை, இந்த இடத்தில் கிணறு என்று மனம் தானே கணக்குப் போட்டது. கோயில் வாசலில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். எண்பது வயது தாண்டியவர். நாற்பது வருடம் பால் வெட்டியவர். 1967-இல் மூன்று வெள்ளி போட்டவர்களில் இன்று எங்களிடையே இருப்பவர் அவர் ஒருவர்தான். படிப்பு கிடையாது. அதனால் தெரியாது என்று நினைத்தேன்.

ஹார்னைக் கையில் வாங்கி விளிம்பைத் தடவினார். "சேப்பு எழுத்து எங்கடா?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. சோடாத் தண்ணீர் கதையைச் சொன்னேன்.

"அட கூறு கெட்டவனே! அலுமினியத்தை யாராச்சும் சோடாவுல ஊற வைப்பாங்களா? தூக்குச்சட்டி கறுத்துப் போகும்னு பத்து வயசுப் புள்ளைக்குத் தெரியுமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கடல் தாண்டிப் போய் நான் கற்று வந்த பாடத்தின் பாதி, கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

"எழுத்தைத் திரும்ப எழுதிடவா அக்கா, அதே மாதிரி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரை எழுது. உபயம்னு எழுது. பழைய வருஷத்தைப் போடாதே, அது பொய்யாயிடும். இந்த வருஷத்தைப் போடு. போட்டவங்க புள்ளைங்கதானே இப்ப போடுறீங்க" என்றவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளித் தாளை எடுத்து நீட்டினார். "சாயம் வாங்க."

வாங்கிக்கொண்டேன். மற்றவர்களிடமும் ஆளுக்கு ஒரு வெள்ளி வாங்கினோம். இன்று இரண்டு ஹார்னும் முன் மண்டபத்தில் இருக்கின்றன. ஒன்றில் பழைய எழுத்து, மங்கலாக. மற்றதில் புதிய எழுத்து, பளிச்சென்று. இரண்டும் உண்மை.

வாசகர்களே, உங்கள் தோட்டத்துக் கோயில் சாமான் அறையிலும் இப்படி ஏதாவது கிடக்கும். பழைய இரும்புக்காரன் வருவதற்கு முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். தேய்ப்பதற்கு முன் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு நேரம் இருந்தால், லோரோங் கூலிட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.